கழனித்தண்ணிக்குப் பால்

மன்னித்துவிடு, மன்னித்துவிடு என்று காலை நடையில் நீங்கள் மூன்று பேரும் என் காதைத் தின்கிறீர்கள். அறுபதைத் தாண்டியாயிற்று, முழங்கால் தேய்ந்தாயிற்று, இனிமேல் யாரோடு என்ன பகை என்கிறீர்கள். பண்ணாடிக்கு எண்பத்தைந்து வயது, பாவம், கிழவர், விட்டுத்தொலை என்கிறீர்கள். உங்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். என் வயசுக்காரிகள் என்பதால் உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அந்தச் சித்திரை மாதத்தில் நடந்ததை ஒரு தடவை முழுசாகக் கேட்டுவிடுங்கள். அப்புறம் எனக்குப் புத்தி சொல்லலாம்.

எனக்கு அப்போது பத்து வயது. இதே மீனாட்சிபுரத்தில், செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் கடை. முன்னால் அத்தா டீ ஆற்றுவார். பின்கட்டில் அம்மா இட்லியும் மதியச் சோறும் சமைப்பாள். ஓலைக் கூரை, நாலு பெஞ்சு, ஒரு செம்பு பாய்லர். அவ்வளவுதான் எங்கள் சொத்து. அந்தப் பாய்லரை அம்மா வியாழக்கிழமை தோறும் புளி போட்டுத் தேய்ப்பாள். நடுக்குழாயில் கரி கனன்றுகொண்டிருக்கும். மூடி மேல் கை வைத்தால் விர்ரென்று ஒரு நடுக்கம் தெரியும். பள்ளிக்கூடம் போகிற குளிர்நாட்களில் நான் அதன் பக்கத்தில்தான் உட்கார்ந்து வாய்ப்பாடு படிப்பேன்.

இன்று என் கடையில் பாதி வியாபாரம் மாத்து வியாபாரம் என்று நீங்கள் கேலி செய்கிறீர்களே, எண்ணெய்ச் செக்குக்காரருக்குத் தவிடு கொடுத்துப் புண்ணாக்கு வாங்குகிறேன், பிரஸ்காரருக்கு அவர் வீட்டு மாட்டுக்குத் தீவனம் கொடுத்து நோட்டீஸ் அடித்துக்கொள்கிறேன் என்று, அதெல்லாம் நானாகக் கண்டுபிடித்ததில்லை. எல்லாம் அத்தா கடையில் பார்த்தது. அங்கே காசு கொடுத்து டீ குடித்தவர்கள் லாரிக்காரர்கள் மட்டுந்தான். ஊர்க்காரர்களுக்கு எல்லாமே மாத்து. விறகுக்கார அக்கா ஒரு சுமை முள்விறகு இறக்குவாள், எட்டு இட்லி கட்டிக்கொண்டு போவாள். சவரக்காரர் அத்தாவுக்கு முகம் வழித்துவிட்டு வாரம் பூராவும் டீ குடிப்பார். தையல்காரர் என் பாவாடையைத் தைத்துவிட்டு மதியச் சோறு சாப்பிடுவார். தோட்டத்தில் கத்தரிக்காய் காய்த்தால் கூடையோடு கடைக்கு வரும். யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. போதாவிட்டால் வாய்விட்டுச் சொல்வார்கள், அம்மா இன்னொரு இட்லி வைப்பாள்.

எல்லாவற்றிலும் பெரிய மாத்து தோட்டக்காரரான பண்ணாடியோடுதான். கடைக்குப் பின்னால் வாய்க்காலைத் தாண்டினால் அவருடைய தோட்டம். பதினோரு மாடு கட்டியிருந்தார். அப்போது பால் சொசைட்டி இந்தப் பக்கம் வரவில்லை. எங்கள் கடையின் கழனித்தண்ணி முழுக்க அவர் மாட்டுக்கு. அவர் காட்டில் வேலை செய்பவர்களுக்குக் காலையில் எங்கள் இட்லி. பதிலுக்குக் காலையில் இரண்டு படி, பொழுதோடு ஒரு படி பால் அவர் கொடுப்பார். அந்தப் பால் இல்லாவிட்டால் டீ இல்லை. டீ இல்லாவிட்டால் கடை இல்லை. இது எனக்கே அந்த வயதில் தெரியும்.

கழனித்தண்ணி என்றால் கண்டதையும் கொட்டுவதில்லை. அம்மாவுக்கு அதில் ஒரு சட்டம் இருந்தது. அரிசி கழுவிய தண்ணீர், வடிகஞ்சி, காய்த்தோல், பருப்புத் தண்ணீர், இவ்வளவுதான் அந்தப் பீப்பாய்க்குள் போகும். மீன் கழுவிய தண்ணீர் ஒரு சொட்டுப் படாது, அது தென்னைமரத்துக்கு. 'அவுங்க ஊட்டு மாடு குடிக்கிறது புள்ள, கவுச்சி ஆகாது' என்பாள். சாயங்காலம் பண்ணாடியின் மாட்டுக்காரர் வண்டி கொண்டு வருவதற்குள், முழங்கைக்கு மேல் சேலையை ஏற்றிக்கொண்டு, வலது கையைப் பீப்பாயின் அடிவரைக்கும் விட்டுத் துழாவுவாள். ஊசி, ஆணி, கண்ணாடி ஏதாவது இருக்கிறதா என்று விரலாலேயே பார்ப்பாள். அதனால் அந்தக் கையில் எப்போதும் ஒரு புளித்த வாடை. சீயக்காய் போட்டாலும் போகாது. அந்தக் கையால்தான் எனக்குத் தலை பின்னிவிடுவாள், நான் மூக்கைச் சுளிப்பேன்.

கிளாஸ் உடைந்தால் அதற்கும் ஒரு வழக்கம். சில்லையெல்லாம் பொறுக்கி ஒரு தாம்பாளத்தில் வைத்து, பொம்மை செய்வது மாதிரி ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்ப்பாள். கிளாஸ் முழுசாகச் சேர்ந்தால்தான் எழுந்திருப்பாள். ஒரு துண்டு குறைந்தாலும் கடையைக் கூட்டு, பெஞ்சை நகர்த்து என்று எங்களை விரட்டி எடுப்பாள்.

அன்று காலையில் ஒரு லாரிக்காரர் கை தவறி கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். அம்மா சேர்த்துப் பார்த்தாள். விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு சில்லு குறைந்தது. கடை முழுக்கத் தேடினோம். கிடைக்கவில்லை. சாயங்காலம் வழக்கத்தைவிட அதிக நேரம் பீப்பாய்க்குள் கையைத் துழாவினாள். அதோடு நிற்காமல் ஒரு வெள்ளைத் துணியில் அந்தக் கழனித்தண்ணி முழுவதையும் வடிகட்டினாள். மாட்டுக்காரர் வாசலில் நின்று, 'ஏனுங்க ராவுத்தரம்மா, மாடு என்ன மாப்பிள்ளையா?' என்று சிரித்தார். பருப்புத் தோல்தான் துணியில் நின்றது. அப்புறந்தான் பீப்பாயை வண்டியில் ஏற்றவிட்டாள். நான் பக்கத்தில் நின்றேன், என் கண்ணால் பார்த்தேன்.

அதே நாள் பண்ணாடி வீட்டில் அவர் மகனுக்குக் காதுகுத்து. மாமனார் ஊரிலிருந்து மூன்று வண்டியில் சீர் வந்திருந்தது. மத்தியானம் கோடைமழை பிடித்துக்கொண்டதில் பாதி உறம்பரைச் சனம் வந்து சேரவில்லை. சோறு இரண்டு அண்டா மிஞ்சிவிட்டது, பாயசம் ஒரு அண்டா. நான் பொழுதோடு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பாலுக்குப் போனபோது கட்டுத்தறியில் பண்ணாடியே நின்றுகொண்டிருந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். செவலைப் பசுவின் தாழியில் சோற்றைக் கூடை கூடையாகக் கொட்டினார், அதன் மேல் பாயசத்தை ஊற்றினார். கறவைக்குப் பேர்போன பசு அது, ஊரிலேயே அதிகம் கறப்பது. அதனால் அதற்குத்தான் எல்லாம்.

'தின்னு சாமி, தின்னு. உன்ற பொறந்த ஊட்டுச் சீருதானே இது' என்று அதன் கழுத்தைத் தடவினார். மாட்டுக்காரர் தயங்கித் தயங்கி, 'பண்ணாடி, சோறு அத்தன ஆகாதுங்க, வயிறு உப்பிக்குமுங்க' என்றார். 'போடா, உனக்குக் குடுக்காம அதுக்குக் குடுக்கறேன்னு வயிறெரியுதா?' என்று பண்ணாடி சிரித்தார். என்னைப் பார்த்ததும், 'வா அம்மிணி' என்று இலையில் சுற்றி ஒரு லட்டு கொடுத்தார். நான் அதைத் தின்றுகொண்டே பாலோடு வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கும் யாராவது லட்டு நீட்டினால் நான் வாங்குவதில்லை, கவனித்திருப்பீர்கள்.

விடிந்தபோது பசு செத்துக் கிடந்தது.

கேள்விப்பட்டதும் அத்தா கடையை அப்படியே விட்டுவிட்டுத் துக்கம் கேட்கப் போனார், நானும் பின்னால் ஓடினேன். பசுவின் வயிறு பானையாக உப்பியிருந்தது, நாலு காலும் விறைத்திருந்தன. மிருகாசுபத்திரிக் கம்பவுண்டர் வந்து அதன் வாயைத் திறந்து முகர்ந்து பார்த்தார். பண்ணாடியைச் சோளத்தட்டுப் போருக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய் என்னவோ சொன்னார். பண்ணாடி திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை. மாமனார் கட்டிலில் உட்கார்ந்து, 'என்ன மாப்பிள்ள, என்னாச்சாம்?' என்று இரண்டு தடவை கேட்டார். பண்ணாடி செத்த பசுவின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்துகொண்டார்.

இந்த இடத்தில்தான் என் அத்தா அந்தக் காரியத்தைச் செய்தார். அவரை நினைத்தால் எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வரும். பொய் சொல்லத் தெரியாத மனுசன். தன்னிடம் இருப்பது எதுவானாலும் எதிராளி முன்னால் கொட்டிவிட வேண்டும் அவருக்கு. தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார், 'பண்ணாடி, ஒண்ணு சொல்லோணுமுங்க. நேத்துக் காலைல எங்க கடைல ஒரு கிளாஸ் ஒடஞ்சுதுங்க. ஒரு சில்லு கெடைக்கலீங்க. நாங்க தண்ணிய நல்லா வடிகட்டித்தான் குடுத்தோமுங்க. இருந்தாலும் மனசு கேக்கல, சொல்லிப்போட்டேன்.'

பண்ணாடி அத்தாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மாமனார் பக்கம் திரும்பினார். 'கேட்டீங்களா மாமா? கண்ணாடி! கழனித்தண்ணில கண்ணாடிய வெச்சு என்ற மாட்டக் கொன்னுபோட்டாங்க.'

கம்பவுண்டர் தலையைக் குனிந்துகொண்டு பையைத் தூக்கினார். சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

மத்தியானமே எங்கள் கடையில் பேச்சு வைத்துவிட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர், பண்ணாடி, அவர் மாமனார். பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்திருக்க, அத்தா தம்முடைய கடையில் தாமே நின்றுகொண்டிருந்தார். பின்கட்டுப் படுதாவுக்குப் பின்னால் இருந்த அம்மாவின் குரல் மட்டும் வந்தது. 'பெரியவங்க எல்லாரும் இருக்கறீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாட்டோட வயித்தக் கிழிச்சுப் பாருங்க. சில்லு இருந்தா நாங்க ஒத்துக்கறோம். வேற எதாச்சும் இருந்தா என்னன்னு நீங்களே சொல்லுங்க.'

பண்ணாடி எழுந்து நின்றுவிட்டார். 'லட்சுமி வயித்தக் கிழிக்கிறதா? நாங்க கும்படற மாடு. மஞ்சத்தண்ணி ஊத்திப் பொதைச்சாச்சு. அதத் தோண்டோணுமா?' என்றார். பெரியவர்கள் சேச்சே என்று தலையை ஆட்டினார்கள். பக்தி என்று வந்துவிட்டால் அதற்கு மேல் எவர் பேசுவது? அந்த ஒரு வார்த்தையில் அம்மாவின் வாயை அடைத்துவிட்டார்.

நான் வாயைத் திறந்தேன். 'பண்ணாடிதான் சோறு...' என்பதற்குள் அத்தாவின் கை வந்து என் வாயை மூடியது. டீத்தூள் வாடை அடித்த கை. நான் திமிறினேன், கையைக் கடித்தேன். எடுக்கவில்லை. குனிந்து என் காதில், 'பால் நின்னுடும் கண்ணு. பேசாத' என்றார். அதுதான் அவர் போட்ட கணக்கு. பணிந்து போனால் பால் நிற்காது என்று நம்பினார். பண்ணாடியோடு மாத்து நீடிக்கும் என்று நினைத்து, எங்களிடம் இருந்த ஒரே உண்மையைக் கையால் பொத்திவிட்டார். அவரை நான் மன்னித்துவிட்டேனா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மாத்துக்கு மாத்து என்று தீர்ப்பாயிற்று. மாட்டுக்குப் பாய்லர். அதற்குள் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது. மாட்டுக்காரர் குழாயைத் திறந்து தெருவில் விட்டார், மண்ணிலிருந்து ஆவி கிளம்பியது. கரியைத் தட்டிக் கொட்டிவிட்டுச் சூட்டோடு சூடாகச் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றினார். அதைக் கொண்டுபோய்ப் பண்ணாடி என்ன செய்தார் தெரியுமா? குளியலறைக்குப் பின்னால் வைத்து மேலுக்கு ஊற்ற வெந்நீர் போட்டார். எங்களுக்குச் சோறு போட்ட பாய்லரில் முதுகு தேய்த்துக் குளித்தார்.

அத்தா நினைத்ததற்கு மாறாக மறுநாளே பால் நின்றது. கழனித்தண்ணி எடுக்க வண்டியும் வரவில்லை. பீப்பாய் நிரம்பிப் புளித்து நுரை கட்டியது, ஈ மொய்த்தது.

அத்தா முன்னாலேயே நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அண்டாச் சோறு, பாயசம், மாட்டுக்காரர் தடுத்தது எல்லாம். அம்மா அதைக் கேட்டுவிட்டு அத்தாவைப் பார்த்தாள். அத்தா, 'சின்னப் புள்ள எதையோ பாத்துட்டு எதையோ சொல்லுது. விடு, எளவு தீந்துபோச்சு' என்றார். அன்றிலிருந்து அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. யாருக்கும் தேவையில்லாத அந்தப் பீப்பாய்க்குள் கையை விட்டுத் துழாவுவாள். எடுத்து விரலை விரித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். மறுபடியும் துழாவுவாள். நான் போய் இழுத்தால், 'இரு புள்ள, ஒரு சில்லு என்ற கைக்குத் தப்பியிருக்குமோ?' என்பாள். அவள் கையை அவளே நம்பாமல் போய்விட்டாள். பாய்லர் போனது பெரிதில்லை. அதை மறுபடி வாங்கிவிடலாம். அம்மாவின் கையை அந்த மனுசன் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கண்ணாடி என்ற சொல் ஊரில் ஒரு வாரத்தில் பரவியது. சவரக்காரர் டீயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக் குடித்தார், அப்புறம் குடிப்பதையே விட்டார். தையல்காரர் வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். கத்தரிக்காய்க் கூடை வருவது நின்றது. விறகுக்கார அக்கா மட்டும் வந்தாள். எல்லோர் முன்னாலும் நடுக்கடையில் உட்கார்ந்து எட்டு இட்லியையும் அங்கேயே தின்றாள். 'கண்ணாடி இருந்தா என்ற வயித்துல இருக்கட்டும், எனக்குப் பல்லு கெட்டி' என்றாள். அவளுடைய பேரனுக்குத்தான் என் கடையில் மூட்டை தூக்கும் வேலை. நீங்கள் அவனைச் சோம்பேறி என்கிறீர்கள். இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் மட்டும் சும்மா இருந்தேன் என்றா நினைக்கிறீர்கள்? பொழுது சாய்வதற்கு முன் வாய்க்கால் வழியாகப் போய்ப் பண்ணாடியின் கட்டுத்தறியில் கன்றுகளை அவிழ்த்துவிட்டேன். கறக்க ஆள் வரும்போது கன்றுகள் வாயில் நுரையோடு நிற்கும், மடி வற்றிக் கிடக்கும். மூன்று நாள் சாயங்காலம் அந்த வீட்டில் ஒரு சொட்டுப் பால் இல்லை. வாய்க்கால் கரையில் தாழம்புதருக்குள் படுத்துக்கொண்டு பண்ணாடிச்சி கத்துவதைக் கேட்டேன். ஆகா, என்ன சுகம்! நாலாம் நாள் மாட்டுக்காரர்தான் முடிச்சுச் சரியாகப் போடுவதில்லை என்று அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மாட்டுக்குச் சோறு ஆகாது என்று சொன்ன ஒரே மனுசன் அவர். அவருக்கு நான் செய்தது தப்புத்தான். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

வைகாசி முடிவதற்குள் கடையைப் பூட்டினோம். மலைமேல் ஆனைக்கரையில் அம்மா கூடப்பிறந்த மாமு பலசரக்குக் கடை வைத்திருந்தார், அங்கே போய்ச் சேர்ந்தோம். அத்தா இன்னொருவர் கடையில் டீ மாஸ்டரானார். மலைக் குளிரில், அடுத்தவன் பாய்லருக்கு முன்னால் நின்று நின்றே இருமி இருமிப் போய்ச் சேர்ந்தார். அம்மா ஏலக்காய் பிரிக்கும் வேலைக்குப் போனாள். புளித்த வாடை போய் அவள் கையில் ஏலக்காய் மணம் வந்தது. நல்ல மணந்தான், எனக்குப் பிடிக்கவில்லை. நம் பக்கத்திலிருந்து காய் எடுக்க வந்த ஒருத்தி அம்மாவைப் பார்த்துவிட்டு, 'அட, இது நம்மூரு கண்ணாடிக்காரி இல்ல?' என்றாள். அவ்வளவு தூரம் மலையேறியும் அந்தப் பெயர் கூடவே ஏறி வந்துவிட்டது. வீட்டில் கண்ணாடிச் சாமானே வைத்துக்கொள்ளவில்லை அம்மா. சாகும்வரை எவர்சில்வர் டம்ளர்தான்.

சாவதற்கு இரண்டு நாள் முன்பு என்னைக் கிட்டே கூப்பிட்டாள். நான் அப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், 'நெசமாவே நீ பாத்தியா கண்ணு? அவுரு சோறு போட்டத?' பார்த்தேன் என்றேன். 'எனக்காகச் சொல்றியா?' என்றாள். இல்லை, சத்தியமாகப் பார்த்தேன் என்றேன். தலையை ஆட்டினாள். ஆனால் அவள் நம்பவில்லை. அவள் கண்ணைப் பார்த்தேன், தெரிந்தது.

எனக்கு வாய்த்தவர் இந்த ஊர்க்காரர் என்பதால் திரும்பி இங்கேயே வந்தேன். தீவனக் கடை வைத்து இருபது வருஷம் ஆகிறது. பாலோ, சோளத்தட்டோ, தேங்காயோ, எருவோ எதைக் கொண்டுவந்தாலும் தீவனம் கொடுப்பேன், யார் வந்தாலும் மாத்துவேன். இந்த இருபது வருஷத்தில் பண்ணாடி என் கடைப் படியை மிதித்ததில்லை. நான் யார் என்று அவருக்குத் தெரியும். அவர் வருவார் என்று எனக்கும் தெரியும். காத்திருக்கத் தெரிந்தவள் நான்.

போன கோடையில் வந்தார். மகன் நிலத்தை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டான். மிஞ்சியது ஓட்டு வீடும் இரண்டு வற்றுக்கறவை மாடும். மழை இல்லை, தட்டு இல்லை. தடியை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்றார். பால் கொண்டுவந்த பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள், மூட்டை தூக்கும் பையன் இருந்தான்.

'அம்மிணி, ரண்டு மூட்ட தவிடு வேணும். மாடு எலும்பும் தோலுமா நிக்குது. ஒரு வண்டி எரு அனுப்பறேன், மாத்திக்கலாம்' என்றார்.

'எரு இருக்கட்டுங்க பண்ணாடி. ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க. உங்க செவலைப் பசு எதனால செத்துச்சு?'

தெரியாது என்பார் என்று நினைத்தேன். சொன்னார்.

'சோத்துனாலதான். கம்பவுண்டரு அன்னிக்கே சொல்லிப்போட்டாரு. கண்ணாடி தின்ன மாடு ஒரே ராத்திரில சாகாது, வாயில சோறு புளிச்சு நாறுதுன்னு.'

'அப்பறம் எதுக்குங்க எங்கம்மா பேருல போட்டீங்க?'

'அது என்ற மாமனாரு ஊட்டுச் சீரு மாடு அம்மிணி. அந்த மனுசன் கட்டில்லயே உக்காந்திருக்கறாரு. நானே சோத்தப் போட்டுக் கொன்னுட்டேன்னு எப்படிச் சொல்றது? உங்கத்தா வந்து சில்லக் காணமுன்னாரு. அப்படியே புடிச்சுக்கிட்டேன்.' தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு கேட்டார், 'அம்மா இருக்கறாங்களா?'

மாமனார் திட்டுவார் என்று! இவ்வளவுதானா? ஏதோ பெரிய பகை இருக்கும், எங்கள் இடத்தின் மேல் கண் இருக்கும் என்றெல்லாம் ஐம்பது வருஷம் யோசித்து வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த மாமனார் முன்னால் தலைகுனிய முடியாமல் என் அம்மாவின் கையைத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். அம்மா இருந்திருந்தால் அவள் முன்னால் இவரை இழுத்துப் போய் நிறுத்தியிருப்பேன்.

'இல்லீங்க' என்றேன். 'எரு வேண்டாம். பால் வேண்டாம். உங்க கையிலிருந்து எதுவுமே எனக்கு வேண்டாம். தவிடு சும்மா எடுத்துட்டுப் போங்க. எங்கம்மா பேருல சதக்கா.'

அந்தச் சொல் அவருக்கு நன்றாகத் தெரியும். எங்கள் கடையோடு பழகிய மனுசன். சதக்கா என்றால் இல்லாதவர்களுக்குப் போடும் தர்மம். இந்த ஊரில் ஒரு முருங்கைக்காய் கொடுத்தால்கூட பதிலுக்கு ஒரு கருவேப்பிலைக் கொத்தாவது வாங்கிக்கொள்வார்கள், அதுதான் மரியாதை. பண்ணாடியிடம் பதிலுக்கு ஒன்றும் வாங்காமல் அனுப்புவது என்றால் என்ன அர்த்தம் என்று பால்காரப் பெண்களுக்கும் தெரியும். கடைக்காரர்கள் பதினோரு பேர் மாத்துக்காகப் போனில் ஒரு குழு வைத்திருக்கிறோமே, அதில் அங்கேயே, அவர் எதிரில் என் குரலைப் பதிவு செய்து போட்டேன், மாடு எதனால் செத்தது, அவர் வாயாலேயே என்ன சொன்னார் எல்லாம். அவரோடு எவரும் மாத்த வேண்டாம், அவருக்கு வேண்டியதை நான் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன். வேண்டாம் என்று அவர் திரும்பிப் போயிருக்கலாம். மாடு பட்டினி. மூட்டையை வாங்கிக்கொண்டார்.

பள்ளிவாசல் ஹஜ்ரத் காதுக்கும் விஷயம் போனது. வந்து பொறுமையாகச் சொன்னார், கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால், வாங்கியவர் மனதை நோகடித்தால் அந்தத் தர்மத்துக்குக் கூலி இல்லையம்மா, உங்கள் தாய்க்கு அதில் ஒரு பயனும் போய்ச் சேராது, பேசாமல் கொடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்று. நல்ல மனுசர். சரிங்க ஹஜ்ரத் என்று அவருக்கு டீ கொடுத்து அனுப்பினேன். அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அம்மாவுக்குப் போக வேண்டிய நன்மையை என் ஆத்திரத்துக்காக நானே கொட்டிக் கவிழ்க்கிறேன் என்றும் தெரியும். ராத்திரி தொழுகையில் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். காலையில் மறுபடியும் அதையேதான் செய்கிறேன்.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் வருகிறார். கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வரச் சொல்லியிருக்கிறேன். மூட்டையை அவர் வண்டியில் ஏற்றும் முன் நான் எழுந்து வாசலுக்கு வருவேன். 'யாரு பேருலீங்க பண்ணாடி?' என்று கேட்பேன். அவர் தடியைப் பிடித்துக்கொண்டு என் அம்மாவின் பெயரைச் சொல்வார்.

'காது கேக்கலீங்க' என்பேன். 'இன்னொருக்காச் சொல்லுங்க.'